முகமறியா வணிகரிடையே நாணயமும் பகையும்

வணிகத்தில் நாணயம் என்பது, ஒருவர் கொடுத்த சொல்லை நிறைவேற்றுவார் என்று எதிரில் இருப்பவர் கொள்ளும் எதிர்பார்ப்பாகும். அந்த எதிர்பார்ப்பு எல்லா வணிகத்துக்கும் ஒரே அளவில் தேவைப்படுவதில்லை. பொருள் கைமாறும் நேரத்துக்கும் பணம் கைமாறும் நேரத்துக்கும் இடையே எவ்வளவு இடைவெளி விழுகிறதோ அந்த அளவுக்கே தேவைப்படுகிறது. இதை மனத்தில் கொள்ளாதவர்கள், பெயரை மறைத்துக்கொண்டு இணையத்தில் வாங்கி விற்போர் ஏன் ஒருவரையொருவர் இத்தனை கடுமையாக ஏசிக்கொள்கிறார்கள் என்று கேட்டால், அதை நாகரிகக் குறைவு என்றோ இளைஞரின் வாய்த்துடுக்கு என்றோ சொல்லிக் கடந்துவிடுகின்றனர். அந்தப் பகைக்கு ஒரு வேலை இருக்கிறது என்பதும், அந்த வேலையை அது மிக மோசமாகச் செய்கிறது என்பதுமே இவ்வுரையின் கருத்து.

மொன்றியலின் வில்லரே பகுதியில் ஆண்டுதோறும் ஜூலை 1-ஐ ஒட்டி நடக்கும் கொடுக்கல் வாங்கலை முதலில் நோக்கலாம். கியூபெக்கில் வீட்டு வாடகை ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை ஜூன் 30 அன்று முடிவதாலும், குளிர்சாதனப் பெட்டியையும் அடுப்பையும் குடியிருப்பவரே கொண்டுவந்து கொண்டுபோகும் வழக்கம் பல வீடுகளில் இருப்பதாலும், அந்த நாட்களில் முன்பின் அறியாதோரிடையே பழைய பொருள் விற்பனை தெருத்தெருவாக நடைபெறுகிறது. விளம்பரத்தைப் பார்த்து வந்தவர் பெட்டியை மின்னிணைப்பில் செருகி, அதன் இயந்திரம் உறுமத் தொடங்கும்வரை காத்திருந்து, கதவின் ரப்பர் விளிம்பை விரலால் அழுத்திப் பார்த்து, பிறகே நோட்டுகளை எண்ணிக் கொடுக்கிறார். அதன் பின்னரே நண்பர் இருவர் அதைப் பட்டையால் கட்டி, மொன்றியலின் அடையாளமாகிவிட்ட வெளிப்புற வளைபடிக்கட்டு வழியாகப் பக்குவமாக இறக்குகின்றனர். விற்றவரின் பெயர் வாங்கியவருக்குத் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் பெரும்பாலும் இல்லை. ஏனெனில் பார்வை, சோதனை, பணம், பொருள் ஆகிய நான்கும் ஒரே அறையில் ஒரே மணிநேரத்தில் முடிந்துவிடுகின்றன. அதையும் மீறி மறைவான பழுது ஏதேனும் பின்னர் வெளிப்பட்டால், விற்பவர் அதற்குப் பொறுப்பு என்று கியூபெக் குடியியல் சட்டத் தொகுப்பின் 1726 ஆம் பிரிவு கூறுகிறது; 15,000 டொலர் வரையிலான வழக்குகளை வழக்கறிஞர் இல்லாமலே எடுத்துரைக்கச் சிறு கோரிக்கைகளுக்கான நீதிமன்றப் பிரிவும் இருக்கிறது. ஆகவே இங்கே பகைக்கு இடமில்லை. பேரம் படியாவிட்டால் வந்தவர் திரும்பிப் போகிறார், அவ்வளவுதான்.

இந்த நான்கும் பிரிந்து, பணம் இன்றும் பொருள் பதினைந்து நாள் கழித்தும், அதுவும் இருவேறு நாடுகளிலிருந்து கைமாற வேண்டியிருக்கும்போதுதான் யார் முதலில் கொடுப்பது என்ற பழைய சிக்கல் எழுகிறது. முதலில் கொடுப்பவர் மற்றவரின் தயவில் விடப்படுகிறார். உலகின் வணிகக் குடிகள் எல்லாமே இதற்கு ஏதோ ஒரு விடையைக் கண்டிருக்கின்றன. நாட்டுக்கோட்டை நகரத்தார் இரங்கூனிலும் கொழும்பிலும் கடை வைத்தபோது, கடையை நடத்தச் சென்ற மேலாளும் அடுத்தாளும் மூன்றாண்டுக் கணக்கை முடித்துக்கொண்டு திரும்ப வேண்டிய ஊர் செட்டிநாட்டில் இருந்தது. அவர்களுடைய மனைவி மக்களும், கோயில் உரிமையும், அடுத்த தலைமுறையின் திருமணப் பேச்சும் அங்கேதான் இருந்தன. கடல் கடந்து போனவரின் நாணயத்துக்கு ஊரில் இருந்தவை பிணையாக நின்றன.

மொன்றியல் தமிழரிடையே இதன் தொடர்ச்சியைக் காணலாம். 1983க்குப் பின் இலங்கையிலிருந்து வந்து, வில்லரேயோடு ஒரே நகராட்சி வட்டாரத்தில் இணைக்கப்பட்டுள்ள பார்க் எக்ஸ்டென்ஷனிலும், கோட்-தெ-நேஜ் பகுதியிலும் குடியேறியவர்கள், புதிதாகச் சந்திக்கும் தமிழரிடம் கேட்கும் முதற் கேள்வி "ஊரில் எவடம்?" என்பதாகவே பெரும்பாலும் இருக்கிறது. வெளியார் இதை ஊர்ப்பற்று என்று மட்டும் கருதக்கூடும். ஆனால் ஊர், அதன்பின் பள்ளிக்கூடம், அதன்பின் இன்னாரைத் தெரியுமா என்று மூன்று நான்கு கேள்விகளுக்குள் இருவருக்கும் பொதுவான ஓர் ஆளை எட்டிவிடும் இந்த உரையாடல், உண்மையில் ஒருவகைச் சரிபார்ப்பு முறையாகும். அந்தப் பொது ஆள் கிடைத்துவிட்டால், எதிரில் இருப்பவர் தவறினால் யாரிடம் போய் முறையிடுவது என்பதும் கிடைத்துவிடுகிறது. சீட்டு நடப்பது இந்த அடித்தளத்தின் மேல்தான். இருபது பேர் மாதம் 500 டொலர் கட்டும் ஒரு சீட்டில், முதல் மாதங்களிலேயே கழிவு கேட்டு எடுத்தவர் கையில் கழிவு போக ஏறத்தாழ மொத்தத் தொகையும் வந்துவிடுகிறது; எஞ்சிய மாதங்களுக்கு அவரைக் கட்டவைப்பது எழுத்தில் உள்ள எந்த ஒப்பந்தமும் அன்று, கட்டாமல் விட்டால் கோயில் திருவிழாவிலும் கலியாண மண்டபத்திலும் முகம் காட்ட முடியாது என்பதே.

இதை வைத்து, முகம் தெரிந்தால் நம்பலாம், தெரியாவிட்டால் நம்பக்கூடாது என்று முடிவு கட்டுவது தவறாகும். முகம் தெரிந்த சீட்டுகளும் உடைந்திருக்கின்றன. அவ்வாறு உடைந்ததனாலேயே இந்தியா 1982-ல் சீட்டு நிதிச் சட்டத்தை இயற்றி, சீட்டு நடத்துபவர் பதிவு செய்துகொள்வதையும் பிணைத்தொகை கட்டுவதையும் கட்டாயமாக்கியது. ஒருவரை நம்பத்தக்கவராக ஆக்குவது அவர் முகம் அன்று, சொல் தவறினால் அவர் இழக்கவிருப்பது என்ன என்பதே. முகம் அந்த இழப்பை அவரோடு கட்டிவைக்கும் கயிறாகப் பயன்படுகிறது. அந்தக் கயிறு அறுந்த இடத்தில் வேறு எதைக் கொண்டு இழப்பை ஏற்படுத்துவது என்பதுதான் பெயரறியா வணிகத்தின் முழுச் சிக்கலும்.

இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்த வேண்டும். பெயரின்மை வேறு, புனைபெயர் வேறு. பெயரின்றிப் பேசுபவர் ஒவ்வொரு முறையும் புதியவர். நேற்று ஏமாற்றியவர் இன்று மறுபடி வந்தாலும் எவரும் அறியார். புனைபெயரில் வணிகம் செய்பவரோ, தம் உண்மைப் பெயரை மறைத்தபோதிலும், அந்தப் புனைபெயரிலேயே தொடர்ந்து வருவதால் அதற்கு ஒரு வரலாறு சேர்கிறது; இருநூறு பேருக்குச் சரியாகப் பொருள் அனுப்பிய புனைபெயர், அதை வைத்திருப்பவருக்கு ஒரு சொத்தாகிவிடுகிறது. அந்தச் சொத்தைப் பிறர் திருடாமல் இருக்க உதவுவது மறைகுறியீட்டுக் கையொப்பம். பில் சிம்மர்மன் 1991-ல் வெளியிட்ட பி.ஜி.பி. என்னும் மென்பொருள் இதைப் பொதுமக்கள் கைக்குக் கொண்டுவந்தது: ஒவ்வொருவருக்கும் ஒன்றோடொன்று பிணைந்த இரு திறவுகோல்கள் உண்டு, ஒன்று ஊரறிய வெளியிடப்படும், மற்றொன்று உரியவரிடமே இரகசியமாக இருக்கும், இரகசியத் திறவுகோலால் இடப்பட்ட ஒப்பத்தை வெளியிடப்பட்ட திறவுகோலைக் கொண்டு எவரும் சரிபார்க்கலாம், ஆனால் போலியாக இட முடியாது. இருப்பிடத்தை மறைத்து இயங்கும் இணையப் பகுதியான மறைவலையில் நடந்து 2017-ல் முடக்கப்பட்ட ஆல்ஃபாபே என்னும் சந்தையை 2021 ஆகஸ்டில் மீண்டும் திறக்க வந்தவர், தாமே பழைய நிர்வாகிகளுள் ஒருவரான 'டிஸ்னேக்' என்று மெய்ப்பிக்கத் தம் பழைய திறவுகோலால் ஒப்பமிட்டுக் காட்டினார். நான்காண்டு கழித்தும் அந்தப் பெயருக்குரியவரே வந்திருக்கிறார் என்று கொள்ள அது போதுமானதாக இருந்தது. எனினும் இந்த ஒப்பம் சொல்வது இவர் அதே ஆள் என்பதை மட்டுமே, இவர் நல்ல ஆள் என்பதை அன்று. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு பணம் இழந்தோர் ஏராளம்.

ஆல்ஃபாபேயின் கதை கியூபெக்கோடு நெருங்கிய தொடர்புடையது. அதை நிறுவி நடத்தியதாக அமெரிக்க அரசு குற்றஞ்சாட்டிய அலெக்சாண்டர் கேஸ், மொன்றியலுக்கும் கியூபெக் நகருக்கும் இடையே அமைந்த ட்ருவா-ரிவியேர் நகரைச் சேர்ந்தவர். 2014 இறுதியில் தொடங்கிய அந்தச் சந்தையில், அது மூடப்பட்ட காலத்தில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட பயனர்களும் 40,000 விற்பனையாளர்களும் இருந்ததாகவும், போதைப்பொருள்களுக்கும் நச்சு வேதிப்பொருள்களுக்கும் மட்டும் 2,50,000க்கும் மேற்பட்ட விற்பனைக் குறிப்புகள் இருந்ததாகவும் அமெரிக்க நீதித்துறை அறிவித்தது. 2013-ல் மூடப்பட்ட அதன் முன்னோடியான சில்க் ரோட்டில் சட்டவிரோதப் பொருள்களுக்கும் சேவைகளுக்குமான குறிப்புகள் எல்லாம் சேர்ந்தே ஏறத்தாழ 14,000 மட்டுமே. 2017 ஜூலை 5 அன்று கேஸ் பாங்காக்கில் கைதானபோது, கனடிய அரச காவல்படை கியூபெக்கிலும் சோதனைகளை நடத்தியது. ஒரு வாரத்தில் அவர் தாய்லாந்துச் சிறையில் இறந்துகிடக்கக் காணப்பட்டார்.

சட்டத்துக்குப் புறம்பான சந்தையை எடுத்துக்காட்டாகக் கொள்வதன் காரணம் அதன் கவர்ச்சி அன்று. வில்லரேயில் குளிர்சாதனப் பெட்டி வாங்கியவருக்குப் பின்னால் நிற்கும் நீதிமன்றம் இங்கே இல்லை. ஏமாந்தவர் காவல் நிலையத்துக்குப் போக முடியாது. ஆகவே நாணயம் என்பது சட்டத்தின் துணை சிறிதும் இல்லாமல் எவ்வளவு தூரம் நிற்கும் என்பதை இங்கேதான் தெளிவாகப் பார்க்க முடிகிறது. இத்தகைய சந்தைகள் இரண்டு தூண்களின் மேல் நின்றன. ஒன்று, எஸ்க்ரோ எனப்படும் இடைவைப்பு: வாங்குபவரின் பணம் நேரே விற்பவரிடம் போகாமல் சந்தை நடத்துபவரிடம் தங்கி, பொருள் கிடைத்தது என்று வாங்குபவர் உறுதிசெய்த பிறகே விடுவிக்கப்படும். மற்றொன்று மதிப்பீடு: வாங்கியவர்கள் இடும் புள்ளிகளும் குறிப்புகளும் விற்பவரின் பெயரோடு நிலையாக நிற்கும். சில்க் ரோட்டைப் பற்றி நிக்கோலா கிறிஸ்டின் 2012-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அங்கே இடப்பட்ட மதிப்பீடுகளில் ஏறத்தாழ 98 விழுக்காடு நல்ல மதிப்பீடுகளாகவே இருந்தன.

இந்த எண்ணைக் கண்டு வியப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மறைவலையில் வாங்குபவர் தம் பெயரை மறைக்கலாம், ஆனால் பொதி வந்து சேர வேண்டிய முகவரியை விற்பவருக்குக் கொடுத்தே தீர வேண்டும். விற்பவர் எதையும் கொடுக்க வேண்டியதில்லை. எனவே குறை சொல்ல விரும்பும் வாங்குபவர், தம் வீட்டு வாசலை அறிந்த ஒருவரைப் பகைத்துக்கொள்கிறோம் என்ற எண்ணத்தோடுதான் எழுத வேண்டியிருக்கிறது. மறுபக்கம், வாங்குபவரும் வெறுங்கையர் அல்லர். பணத்தைத் திருப்பித் தராவிட்டால் மிக மோசமான மதிப்பீடு இடுவேன் என்று மிரட்டி, வந்து சேர்ந்த பொருளையே வரவில்லை என்று சாதிப்பது வழக்கமான தொல்லையாயிற்று. நல்லுரைக்கும் வசையுரைக்கும் இப்படி விலை ஏற்பட்ட இடத்தில், இரண்டுமே சான்றாக நிற்கும் வலுவை இழக்கின்றன.

பகையின் இயல்பைப் புரிந்துகொள்ள மொன்றியலிலேயே நடந்த ஓர் ஆய்வு மிகச் சிறந்த வழிகாட்டியாகும். மொன்றியல் பல்கலைக்கழகத்தின் குற்றவியல் அறிஞரான பெனுவா துப்போனும் அவருடைய உடனாய்வாளர்களும் 2017-ல் வெளியிட்ட அக்கட்டுரை, டார்கோட் என்னும் இணையக் குழுவைப் பற்றியது. திருடப்பட்ட தரவுகளையும் கணினிகளைக் கெடுக்கும் நிரல்களையும் வாங்கி விற்றோர் கூடிய அக்குழு, அழைப்பின்றி எவரும் நுழைய முடியாத ஒன்று. 2015 ஜூலையில் அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறை தலைமையில், கனடா உட்பட இருபது நாடுகளின் கூட்டு நடவடிக்கையால் அது கலைக்கப்பட்டது. கசிந்து வெளிவந்த 4,788 உரையாடல் இழைகளையும், அவற்றில் தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டு இடம் கேட்ட 344 பேரின் விண்ணப்பங்களையும் ஆய்வாளர்கள் படித்தனர். புதிதாக வருபவரை ஏற்கெனவே உள்ள உறுப்பினர் ஒருவர் முன்மொழிய வேண்டும்; வந்தவர் தமக்கு என்ன தெரியும், இதுவரை என்ன செய்திருக்கிறார் என்று எழுத வேண்டும்; மற்றவர்கள் குறுக்கு விசாரணை செய்வார்கள். பார்வைக்கு இது பார்க் எக்ஸ்டென்ஷனில் ஊரும் பள்ளியும் விசாரிப்பதற்கு ஒப்பானதே. அத்தனை கண்டிப்பான வடிகட்டலுக்குப் பிறகும் உள்ளே இருந்தவர்களிடையே நம்பிக்கை கைகூடவில்லை, உரையாடல்களில் ஐயமும் குற்றச்சாட்டுகளும் அடிக்கடி எழுந்தன, வெற்றி பெற்றவர்களாகக் கருதப்பட்டோர்கூடத் தம் சரக்கை விற்று ஆதாயம் காணத் திணறினர் என்பதே ஆய்வின் முடிவு.

ஏன் கைகூடவில்லை? ஊர் விசாரிப்பதில் கிடைக்கும் விடை, கேட்பவரின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட ஏதோ ஒன்றோடு இணைந்திருக்கிறது. இன்னாரின் மருமகன் என்று சொன்னால் அந்த மாமனாரைத் தொலைபேசியில் அழைக்கலாம். டார்கோடில் விண்ணப்பித்தவர் சொன்னவை திறமைக்குச் சான்றாகலாம், நாணயத்துக்குப் பிணையாக மாட்டா. திறமையுள்ள திருடர் என்று ஒருவர் மெய்ப்பித்துவிட்டால், அவரிடம் பணம் கொடுக்க ஒருவருக்குத் துணிவு வருமா அச்சம் வருமா என்பது எளிதில் ஊகிக்கக்கூடியதே. முன்மொழிந்தவரும் ஒரு புனைபெயரே என்பதால், தாம் கொண்டுவந்த ஆள் ஏமாற்றினால் அவரும் புதுப்பெயரில் ஒதுங்கிக்கொள்ளலாம்.

இந்நிலையில் எஞ்சும் ஒரே ஆயுதம் சொல். ஏமாற்றுபவரை 'ரிப்பர்' என்று பொதுவில் குற்றஞ்சாட்டி, பெயரைக் கெடுத்து, மற்றவர்கள் அவரிடம் வாங்காதபடி செய்வதுதான் அங்கே உள்ள ஒரே தண்டனை. பகைக்கு ஒரு வேலை உண்டு என்று முன்பு கூறியது இதுவே: நீதிமன்றமும் காவலும் உறவும் செய்யும் வேலையைத் தனியாளாகச் செய்ய அது முனைகிறது. ஆனால் குற்றஞ்சாட்டுவதற்கு எந்தச் செலவும் இல்லை. ஏமாந்தவர் எழுதுவதும், போட்டி விற்பனையாளர் வாங்கியவர்போல் நடித்து எழுதுவதும், ஏமாற்றியவரே முந்திக்கொண்டு ஏமாந்தவரைத் திருடர் என்று எழுதுவதும் படிப்பவருக்கு ஒரே மாதிரிதான் தோன்றும். பொய்க் குற்றச்சாட்டுக்குத் தண்டனை இல்லாத நீதிமன்றத்தில் தீர்ப்புக்கு மதிப்பிராது. மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்களான கோர்மாக் ஹெர்லியும் டினே ஃபுளோரென்சியோவும் 2009-ல் இதைப் பொருளியல் நோக்கில் எடுத்துரைத்தனர். சரக்கின் தரம் விற்பவருக்குத் தெரிந்து வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில் நல்ல சரக்கு விலகிப் போய்க் கெட்ட சரக்கே தங்கும் என்று ஜார்ஜ் ஏக்கர்லாஃப் 1970-ல் பழைய கார்ச் சந்தையை வைத்துக் காட்டியிருந்தார். திருட்டுத் தரவு விற்கும் திறந்த அரட்டை அறைகளும் அவ்வாறானவையே என்றும், ஏமாற்றுவோரால் அங்கே ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு மறைமுக வரி விழுகிறது என்றும், உண்மையான பொருள் வைத்திருப்பவர் அங்கே விற்க வரமாட்டார் என்றும் அவர்கள் வாதிட்டனர். அவ்விடங்களில் எழும் கூச்சலைக் கொண்டு வணிகத்தின் அளவைக் கணிப்பது பிழை என்பதும் இதன் உட்கிடை.

சட்டத்துக்கு உட்பட்ட பங்கு வணிகத்தில் பகை இன்னொரு வடிவம் எடுக்கிறது. பங்கு வாங்கிவைத்திருப்பவருக்கு, அந்த நிறுவனத்தை ஐயுறுபவர் கருத்து வேறுபடுபவராகத் தோன்றுவதில்லை, தம் பையில் கைவைப்பவராகத் தோன்றுகிறார். விலை ஏறுமென நம்புவோரும் இறங்குமென நம்புவோரும் தத்தம் நிலையைச் சொல்லாமலே பேசுவதால், ஒவ்வொரு சொல்லும் விளம்பரமா கணிப்பா என்று பிரித்தறிய முடியாது. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வெர்னர் ஆன்ட்வைலரும் மரே ஃபிராங்கும் 45 நிறுவனங்களைப் பற்றிப் பெயரறியா முதலீட்டாளர் எழுதிய 15 இலட்சம் செய்திகளை ஆராய்ந்து 2004-ல் வெளியிட்ட கட்டுரையில், அச்செய்திகளுக்கிடையே முரண்பாடு மிகும்போது வணிகத்தின் அளவும் மிகுவதைக் கண்டனர். சண்டை வலுக்கும் நேரமும் வாங்கல் விற்றல் பெருகும் நேரமும் ஒன்றுதான் என்றால், அந்தச் சண்டையை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்க இயலாது.

சண்டையிடுவோருக்கு நடுவே நிற்பவரும் முகமறியாதவராகிவிட்டால் என்ன நிகழும் என்பதே இவற்றுள் மிக முக்கியமான கேள்வி. இடைவைப்பும் மதிப்பீடும் வாங்குபவரையும் விற்பவரையும் கட்டுப்படுத்தும். பணத்தைக் கையில் வைத்திருக்கும் நடுவரை எதுவும் கட்டுப்படுத்துவதில்லை. 2015 மார்ச்சில் எவல்யூஷன் என்னும் மறைவலைச் சந்தையின் நிர்வாகிகள், இடைவைப்பில் இருந்த ஏறத்தாழ 1.2 கோடி டொலர் பெறுமானமுள்ள பிட்காயினோடு ஒரே நாளில் மறைந்தனர். அங்கே வாங்குபவரும் விற்பவரும் அதுவரை ஒருவர்மீது ஒருவர் காட்டிய ஐயம் முழுவதும் தவறான ஆள்மீது காட்டப்பட்டதாயிற்று.

கனடிய முதலீட்டாளர்களுக்கு இந்தப் பாடம் நாட்டின் வெளிச்சந்தையிலேயே கிடைத்தது. 2013-ல் வான்கூவரில் தொடங்கிய குவாட்ரிகாசிஎக்ஸ், பிட்காயின் போன்ற மறைகுறி நாணயங்களை வாங்கி விற்கும் பரிமாற்றகங்களுள் ஒரு காலத்தில் கனடாவிலேயே மிகப் பெரியதாக விளங்கியது. அதன் தலைவர் ஜெரால்ட் கோட்டன் 2018 டிசம்பர் 9 அன்று, முப்பது வயதில், இந்தியாவின் ஜெய்ப்பூரில் குடல்நோய்ச் சிக்கலால் இறந்தார். அடுத்த மாதமே பரிமாற்றகம் மூடப்பட்டது. நாணயங்கள் இருந்த கணக்குகளின் கடவுச்சொல் அவரோடு போய்விட்டது என்று முதலில் சொல்லப்பட்டது. ஒன்ராறியோ பங்குப் பரிவர்த்தனை ஆணையம் 2020 ஜூனில் வெளியிட்ட அறிக்கை வேறு கதை சொன்னது. 76,000க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் இழந்த குறைந்தது 16.9 கோடி டொலரில் ஏறத்தாழ 11.5 கோடி, கோட்டன் தம் பரிமாற்றகத்திலேயே செய்த மோசடி வணிகத்தால் போயிற்று. அதன் முறை எளிமையானது: அவர் புனைபெயர்களில் கணக்குகளைத் திறந்து, அவற்றில் இல்லாத பணத்தையும் இல்லாத நாணயத்தையும் இருப்பதாகப் பதிவு செய்து, அந்த வெற்று எண்களைக் கொண்டு வாடிக்கையாளரின் உண்மையான நாணயங்களை வாங்கினார், விலை மாறி நட்டம் விழுந்தபோது, பணம் கேட்டவருக்குப் புதிதாகக் கட்டியவரின் பணத்தைக் கொடுத்தார். மேலும் 2.8 கோடி டொலர், வாடிக்கையாளர் சொத்தை எடுத்து வெளிப் பரிமாற்றகங்கள் மூன்றில் ஆடித் தோற்றது.

அந்தப் பரிமாற்றகத்தில் வாங்கி விற்றவர் ஒருவருக்கு எதிர்ப்பக்கத்தில் இருந்தவர் தம்மைப்போன்ற ஒரு முதலீட்டாளர் என்ற எண்ணமே இருந்திருக்கும். எதிர்ப்பக்கத்தில் இருந்தவரே களத்தின் உரிமையாளர் என்பதும், அவர் நீட்டியது வெறுங்கை என்பதும் திரையில் தெரிய வழியில்லை. 2018-ல் பணம் திரும்பப் பெறுவதில் நெடுந்தாமதம் ஏற்பட்டபோது, சி.ஐ.பி.சி. வங்கி அந்தப் பரிமாற்றகத்துக்கான பணத்தில் ஏறத்தாழ 2.6 கோடி டொலரை முடக்கிவைத்திருந்தது தாமதத்துக்கு வசதியான விளக்கமாக அமைந்தது. வங்கிகளே மறைகுறி நாணயத்தின் பகைவர்கள் என்ற எண்ணம் அவ்வட்டங்களில் ஏற்கெனவே ஊறிப்போயிருந்ததால் அது எளிதில் எடுபட்டது. இவ்வகை வணிகர் வட்டங்களில் ஐயம் எழுப்புபவரை அச்சம் பரப்புபவர் என்று முத்திரை குத்தி வாயடைப்பதும் வழக்கமாகவே இருக்கிறது. உள்ளே பணம் வைத்திருப்பவருக்கு ஐயம் என்பது ஆபத்து. எல்லாரும் ஒரே நாளில் பணம் கேட்டால் எவருக்கும் கிடைக்காது என்பதை அவர் உள்மனம் அறியும். ஆகவே அவர் தம் நலனுக்காகவே ஐயுறுபவரைத் தாக்குகிறார். ஏமாற்றுபவருக்கு இதைவிட நல்ல காவற்காரர் கிடைக்கமாட்டார், அதுவும் கூலியில்லாமல்.

எல்லாம் வெளிப்பட்ட பிறகு அந்தச் சினம் எவ்வளவு தூரம் போயிற்று என்றால், 2019 டிசம்பரில் வாடிக்கையாளரின் வழக்கறிஞர்கள், புதைக்கப்பட்ட உடல் கோட்டனுடையதுதானா என்று உறுதிசெய்ய அதைத் தோண்டியெடுத்துச் சோதிக்க வேண்டும் என்று கனடிய அரச காவல்படையிடம் எழுத்தில் கேட்டனர். திவால் நடவடிக்கையின் முடிவில் வாடிக்கையாளருக்குக் கிடைத்தது டொலருக்கு ஏறத்தாழ 13 சதம். இதே சினத்தில் சிறு பங்காவது முன்னமே, இந்த நிறுவனம் எந்த ஆணையத்திலாவது பதிவு பெற்றிருக்கிறதா என்ற கேள்வியாக எழுந்திருந்தால், இல்லை என்ற விடை அப்போதே கிடைத்திருக்கும். குவாட்ரிகா எந்தப் பங்குப் பரிவர்த்தனை ஆணையத்திலும் பதிவு செய்துகொள்ளவில்லை.

முகமறியா நடுவரின் இன்னொரு முகத்தையும் 2017 கோடை காட்டியது. ஆல்ஃபாபே மூடப்பட்டதும் அதன் வணிகர்கள் ஹான்சா என்னும் சந்தைக்குக் கூட்டமாகப் பெயர்ந்தனர்; அங்கே புதிதாகச் சேர்வோர் தொகை பல மடங்காகப் பெருகியது. அந்தச் சந்தையை ஜூன் 20 முதலே நெதர்லாந்துக் காவல்துறை கைப்பற்றி, பழைய நிர்வாகிகளின் பெயரில் நடத்திக்கொண்டிருந்தது. நிர்வாகி மாறியதை ஒரு மாதம்வரை எவரும் கண்டுகொள்ளவில்லை. வந்தவர்கள் தந்த முகவரிகள் பல காவலர் கோப்பில் ஏறின. உண்மையான நடுவரும் தப்பவில்லை: ஆல்ஃபாபேயில் வாங்குபவர்க்கும் விற்பவர்க்கும் இடையே எழுந்த 20,000க்கும் மேற்பட்ட பிணக்குகளைத் தீர்த்துவைத்த நடுவர்களுள் ஒருவர் கொலராடோவில் பிடிபட்டு, 2020-ல் 11 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். ஏமாற்றுவோரைக் கண்காணிக்கும் பொறுப்பும் அவருக்குத்தான் தரப்பட்டிருந்தது.

இவற்றிலிருந்து பெயரை மறைத்த வணிகமே கூடாது என்று வாதிடுவது பொருந்தாது. பங்குச் சந்தையில் இன்று வாங்குபவர் எவருக்கும் விற்றவர் யாரென்று தெரியாது. மொன்றியல் பரிவர்த்தனைச் சந்தை 2001-ல் கூவி விற்கும் தளத்தை மூடி முழுவதும் மின்னணு முறைக்கு மாறியதிலிருந்து அங்கே முகம் பார்த்து நடக்கும் வணிகமே இல்லை. ஆயினும் அங்கே ஒருவரையொருவர் திருடர் என்று ஏச வேண்டிய தேவை எழுவதில்லை; ஏனெனில் இரு தரப்புக்கும் நடுவே நின்று கொடுக்கல் வாங்கலை முடித்துக்கொடுக்கும் தீர்வகம், பெயரும் முகவரியும் மூலதனமும் உடையது, சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. வணிகர் முகமறியாதவராக இருப்பதில் குற்றமில்லை. நடுவர் முகமறியாதவராக இருப்பதே கேடு. குவாட்ரிகாவின் வீழ்ச்சிக்குப் பிறகு கனடிய ஆணையங்கள் மறைகுறி நாணயத் தளங்களைப் பதிவுக்குள் கொண்டுவந்து, வாடிக்கையாளரின் சொத்தை நிறுவனத்தின் சொத்தோடு கலக்காமல் தனியே காப்பில் வைக்க வேண்டும் என்று 2023-ல் நெருக்கியதும் இந்த அறிவினால்தான்.

வில்லரேயிலும் பார்க் எக்ஸ்டென்ஷனிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களின் கைப்பேசிகளுக்கு, பங்கிலும் மறைகுறி நாணயத்திலும் பணம் போடச் சொல்லும் புனைபெயர்களின் அழைப்புகள் வந்துகொண்டிருக்கும் காலம் இது. அவற்றைப் பற்றி இணையத்தில் யார் புகழ்ந்து எழுதியிருக்கிறார், யார் ஏசி எழுதியிருக்கிறார் என்று தேடிப் படிப்பதில் பயனில்லை. பணத்தைக் கையில் வாங்கி வைத்திருக்கப்போகும் நிறுவனம் எது என்று கேட்டு, அதன் பெயர் கியூபெக் நிதிச் சந்தை ஆணையத்தின் பொதுப் பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பதிவேடு இணையத்தில் எவரும் கட்டணமின்றிப் பார்க்கக்கூடியது.